டப்பா வரும்வரை

எங்கள் சொந்தத்தில் யாருக்குக் கண் உறுத்தினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும். நான் டாக்டர் இல்லை. லென்ஸ் செய்கிறவன்கூட இல்லை. தாம்பரத்திலிருந்து படப்பை போகும் வழியில் ஒரு லென்ஸ் கம்பெனியில் இருபத்திரண்டு வருடமாக பேக்கிங் பிரிவில் குப்பை கொட்டுகிறவன். கண்ணுக்குள் வைக்கிற லென்ஸ் உட்காரும் டப்பா, அதன் மேல் ஒட்டுகிற ஃபாயில், அதைச் சுற்றி வருகிற அட்டைப்பெட்டி, இவைதான் என் வேலை. ஒரு கல்யாணப் பந்தியில் பெரியப்பா முறையுள்ள ஒருவர், பக்கத்து இலையிலிருந்து திரும்பி, கீழ் இமையை விரலால் இழுத்துப் பிடித்துக்கொண்டு, “இது என்னன்னு பாருப்பா” என்றார். கையில் ரசம் சாதம். நான் என்னத்தைப் பார்ப்பது?

ஆனால் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். எரிச்சல் வந்த மாதிரி முகத்தை வைத்துக்கொள்வேனே தவிர, பதில் சொல்லாமல் விட்டதில்லை. சொட்டு மருந்தா, சோர்வா, புரையா என்று அடித்து விடுவேன். அவர்களும் தலையாட்டிக்கொண்டு போவார்கள். அந்தத் தலையாட்டல் எனக்குப் பிடித்திருந்தது. அந்தப் பெருமைதான் என் அக்காவின் வலது கண்ணைப் போக்கியது. இதை எழுதும்போதுகூட, கொஞ்சம் மென்மையாகச் சொல்லலாமோ என்று கை தயங்குகிறது. வேண்டாம், அப்படியே இருக்கட்டும்.

அக்கா என்னைவிட எட்டு வயது மூத்தவள். சிட்லபாக்கத்தில் ஏரிக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. தொலைபேசி இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அத்தான் போய்ச் சேர்ந்த பிறகு தனியாகத்தான் இருக்கிறாள். ஒரே மகள் பெங்களூரில். தனியாக இருக்கிறாள் என்று சொன்னால் யாராவது பாவம் என்பார்கள். அக்காவிடம் அந்தப் பேச்சே செல்லாது. அவளிடம் ஒரு சிவப்பு ஸ்கூட்டி இருந்தது. காலையில் தாம்பரம் மார்க்கெட், பதினொரு மணிக்கு பாங்க், சாயங்காலம் யாரையாவது பின்னால் ஏற்றிக்கொண்டு சானடோரியம் ஸ்டேஷன். தெருவில் யாருக்கு பஸ் தவறினாலும், “ஏறு, விட்டுட்டு வர்றேன்” என்பாள். ஹெல்மெட்டுக்குள்ளிருந்து அவள் திட்டுகிற திட்டை கேம்ப் ரோடு சிக்னலில் நின்ற லாரிக்காரர்கள் எல்லாம் வாங்கியிருக்கிறார்கள்.

எல்லாம் ஆரம்பித்தது அவள் வீட்டு வாஷ்பேசினில்தான்.

ஒரு நிச்சயதார்த்தத்துக்காக அக்கா மகள் பெங்களூரிலிருந்து வந்திருந்தாள். அவள் கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவள். தினம் ஒன்று போட்டு, ராத்திரி கழற்றி எறிந்துவிடுகிற வகை. மாத்திரை அட்டை மாதிரி ஒரு சின்னக் குழி, அதில் உப்புத் தண்ணீர், தண்ணீருக்குள் லென்ஸ், மேலே ஃபாயில். அன்று காலை பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று ஃபாயிலை இழுத்தாள். அது கடைசி நொடியில் வெடுக்கென்று பிய்ந்தது. தண்ணீர் ஜாக்கெட்டில் தெறித்தது. லென்ஸ் குழியில் இல்லை.

“அம்மா, யாரும் நகராதீங்க!” என்று அவள் கத்திய கத்தலில் வீடே நின்றுவிட்டது. அக்கா ஒரு கையில் பூவும் இன்னொரு கையில் போன் வெளிச்சமுமாக வாஷ்பேசினில் தேடினாள். “ஊர் உலகத்துல கண்ணாடி போட்டுக்கிட்டு நிச்சயத்துக்கு யாரும் போறதே இல்லையாடி?” என்று ஒரு பக்கம் புலம்பல் வேறு. கடைசியில் லென்ஸ் ஃபாயிலின் அடிப்பக்கத்தில்தான் ஒட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துவிட்டு அக்கா மகள் என் பக்கம் திரும்பினாள்.

“மாமா, யாரு மாமா இந்த டப்பாவ டிசைன் பண்ணது? உங்க ஆளுங்களா?”

எங்கள் ஆட்கள் இல்லை. அது எங்கேயோ வெளிநாட்டில் செய்தது. ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. எல்லோரும் மண்டபத்துக்குக் கிளம்ப, நான் அவள் பையிலிருந்த மீதி டப்பாக்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு லென்ஸை வீணாக்கினேன். பிறகு மண்டபத்தில் இரு வீட்டாரும் தட்டு மாற்றுகிற நேரத்தில், குழியின் ஓரத்தில் ஃபாயில் கிழியும் இடத்தில் சின்னதாக ஒரு மேடு வைத்தால் லென்ஸ் மேலே ஏறி வராது என்று என் மண்டையில் உறைத்தது. பந்தியில் அப்பளம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு அக்காவிடம் அதை விளக்கினேன். “சாப்பிடுடா, ஆறிடும்” என்றாள். ஆனால் கடைசிவரைக்கும் கேட்டாள். என் டப்பாக் கதையைக் கடைசிவரைக்கும் கேட்ட ஒரே ஆள் அவள்தான். என் மனைவிகூட பாதியில் எழுந்து குக்கரைப் பார்க்கப் போய்விடுவாள்.

அந்த மேட்டை நான் கண்ணுக்குள் வைக்கிற லென்ஸின் டப்பாவுக்குக் கொண்டுபோனேன். அதற்கு ஒரு காரணம் இருந்தது. அதற்குச் சில மாதங்களுக்கு முன், ஒரு கண் மருத்துவமனையில் தியேட்டருக்கு வெளியே டி.வி. திரையில் ஆபரேஷனைப் பார்க்க எங்கள் கம்பெனி ஆட்களை விட்டார்கள். புரையை எடுத்துவிட்டார்கள். லென்ஸ் வேண்டும். நர்ஸ் எங்கள் கம்பெனிப் பெட்டியைத் திறந்தார். உள்ளே ஒரு பை, பைக்குள் ஒரு குப்பி, குப்பிக்குள் தண்ணீர், தண்ணீரில் லென்ஸ். கையுறை வழுக்கியது. டாக்டர் இடுக்கியால் லென்ஸை எடுத்து மடித்து, அதைக் கண்ணுக்குள் தள்ளுகிற இன்ஜெக்டருக்குள் வைக்கப் போனார். அது புரண்டுகொண்டது. “ச்ச்” என்றார். இன்னொரு தடவை எடுத்தார். படுத்திருந்த மனிதர் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். என் டப்பா ஒருவரைக் காக்க வைப்பதை நான் என் கண்ணால் பார்த்தது அன்றுதான். வெட்கமாக இருந்தது.

அதனால் ஒரு புது டப்பா. லென்ஸ் அதன் இன்ஜெக்டருக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். ஃபாயிலை இழுத்தால், என் மேடு லென்ஸைப் பிடித்துக்கொள்ளும். எடுத்தால் நேராகக் கண்ணுக்கு. நடுவில் யார் விரலும் படாது. பெரிய கம்பெனிகள் இப்படி ஏற்கெனவே செய்துவிட்டன, நான் ஒன்றும் உலகத்தையே புரட்டிவிடவில்லை. ஆனால் அந்த மேடு என்னுடையது. முதலாளி வரைபடத்தைப் பார்த்துவிட்டு, “செய்யுங்க, பார்க்கலாம்” என்றார். அன்று வீட்டுக்குப் போகாமல் நேராக சிட்லபாக்கம்தான் போனேன். அக்கா ரவா கேசரி கிண்டினாள்.

அந்தச் சமயத்தில்தான் அவள் கண் மங்கிக்கொண்டிருந்தது. எங்களிடம் சொல்லவில்லை. தாம்பரம் மார்க்கெட்டில் ஜவுளிக்கடை வாசலில் நின்ற பொம்மையிடம், “கொஞ்சம் நகருங்கம்மா, வண்டிய எடுக்கணும்” என்று இரண்டு தடவை கேட்டிருக்கிறாள். பின்னால் உட்கார்ந்திருந்த பக்கத்து வீட்டம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்து, அதை எனக்குப் போனில் சொன்னார். நானும் சிரித்தேன். பிறகு அக்காவைக் கேட்டேன்.

“சிக்னல்ல பச்சை விளக்கு ஒண்ணு எனக்கு மூணா தெரியுதுடா. சுத்தி வளையம் வளையமா வேற. மூணுல ஒண்ணாவது பச்சைதானேன்னு போயிடறேன்” என்றாள்.

கிழக்குத் தாம்பரத்தில் ஒரு கண் டாக்டரிடம் கூட்டிப்போனேன். சின்ன வயதுப் பெண். நிதானமாகப் பார்த்தார். இரண்டு கண்ணிலும் புரை, வலதில் அதிகம் என்றார்.

“அம்மா, வலது கண்ல புரை விழுந்த உங்க சொந்த லென்ஸ் உப்ப ஆரம்பிச்சிருக்கு. உங்களுக்குக் கண்ணுக்குள்ள இடம் கொஞ்சம் கம்மி. அது உப்பிக்கிட்டே போனா தண்ணி ஓடுற வழிய அடைச்சிடும், பிரஷர் ஏறிடும். ரொம்பத் தள்ளிப் போடாதீங்க. ஒரு மாசத்துக்குள்ள பண்ணிக்கலாம்.”

நான் சும்மா இருந்திருக்கலாம். “டாக்டர், நான் லென்ஸ் கம்பெனிலதான் இருக்கேன்” என்றேன்.

“அப்ப உங்களுக்கே தெரியும் சார்” என்று சிரித்தார்.

எனக்கு என்ன தெரியும்? ஃபாயில் தெரியும், பசை தெரியும், எத்தனை நொடி அழுத்தினால் சீல் பிடிக்கும் என்று தெரியும். கண்ணுக்குள் தண்ணீர் எந்த வழியாக ஓடுகிறது என்று எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. ஆனால் வெளியே வந்து, எதிரே இருந்த டீக்கடையில் நின்றுகொண்டு, ஏதோ எல்லாம் தெரிந்தவன் மாதிரி சொன்னேன்: “அக்கா, நாலே நாலு மாசம் பொறு. என் டப்பா வந்துடும். உன் கண்ணுக்குப் போற லென்ஸ் அதுலதான் வரணும். இப்ப இருக்கிறது எல்லாம் அந்தக் காலத்துக் குப்பி. ஒருத்தர் கை பட்டு, இன்னொருத்தர் கை பட்டு…”

“டாக்டர் ஒரு மாசம்னாங்களேடா?”

“டாக்டருங்க அப்படித்தான் சொல்வாங்க. புரைதானே, எங்க ஓடிடப் போகுது?”

அக்கா டீயை ஊதிக் குடித்தாள். என் முகத்தைப் பார்த்தாள். “சரி, உன் டப்பா வரட்டும்” என்றாள்.

அந்தப் பார்வையை அப்போது நான் தப்பாகப் புரிந்துகொண்டேன். தம்பிக்கு விஷயம் தெரியும் என்று நம்புகிறாள் என நினைத்தேன்.

டப்பா வரவில்லை. ஒரு டப்பாவை மளிகைக்கடைச் சரக்கு மாதிரி நினைத்தவுடன் வெளியே விட்டுவிட முடியாது. நூற்றுக்கணக்கில் செய்து, சூடான அலமாரியில் அடுக்கி வைப்போம். அந்தச் சூட்டில் சில வாரம் இருந்தால் சாதாரண அலமாரியில் வருடக்கணக்கில் இருந்ததற்குச் சமம் என்று ஒரு கணக்கு. பிறகு வெளியே எடுத்து, சீல் ஓரமாக நீலச் சாயம் விட்டுப் பார்ப்போம். சாயம் உள்ளே ஓடினால், அந்த வழியாகக் கிருமியும் போகும். என் டப்பாவில் ஓடியது. மேடு இருக்கிற இடத்துக்குப் பக்கத்து மூலையில், தலைமுடி அளவுக்கு ஒரு நீலக் கோடு. பேக்கிங் பிரிவில் மூத்த பெண் ஒருத்தி, வேலையில் புலி, அவளும் சோர்ந்துபோய்ச் சொன்னாள்: “சார், மறுபடியும் அதே மூலைதான் சார். நீங்க அந்த மேட்ட எடுத்துட்டா எல்லாம் சரியாயிடும்.”

மேட்டை எடுப்பதா? மேடுதானே என்னுடையது! அச்சை மாற்றினேன், பசையை மாற்றினேன், அழுத்தத்தைக் கூட்டினேன். மேட்டைத் தொடவில்லை. நாலு மாதம் ஆறானது, ஆறு பத்தானது. டப்பாவுக்கு வருடங்களை வாரங்களாகச் சுருக்கிக் காட்டத் தெரிந்த எனக்கு, அக்காவின் கண்ணுக்குள் நாட்கள் ஓடிக்கொண்டிருப்பது உறைக்கவில்லை.

டாக்டரின் ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு தடவை அக்காவுக்குப் போன் வந்திருக்கிறது. “தம்பி சொல்லட்டும்” என்று சொல்லி வைத்திருக்கிறாள். அவள் என்னிடம் ஒரு தடவைகூட நச்சரிக்கவில்லை. வாரம் ஒரு தடவை, “டப்பா எப்படி இருக்கு?” என்பாள், ஏதோ பள்ளிக்கூடம் போகிற பிள்ளையை விசாரிப்பது போல. நான் நீலக் கோட்டைப் பற்றி அரை மணி நேரம் பேசுவேன். ஸ்கூட்டியில் புதிதாக ஒரு கீறல் விழுந்திருக்கும். அதைப் பற்றி நான் கேட்க மாட்டேன். கேட்டால் பதில் வரும், பதில் வந்தால் ஏதாவது செய்ய வேண்டியிருக்கும்.

எனக்கு இப்போது நன்றாகவே தெரிகிறது. நான் அவள் கண்ணுக்காகக் காத்திருக்கச் சொல்லவில்லை. என் டப்பாவில் வந்த முதல் லென்ஸ் என் அக்கா கண்ணில் இருக்கிறது என்று நாலு பேரிடம் சொல்லிக்கொள்ளக் காத்திருக்கச் சொன்னேன். அவள் கண்ணை என் ஷோகேஸாக வைத்திருந்தேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை பகல் பதினொரு மணிக்குப் போன் வந்தது. நான் படப்பையில் அச்சு செய்கிறவரின் பட்டறையில் இருந்தேன். மேட்டைக் கொஞ்சம் சாய்த்துப் புது அச்சு வெட்டிக்கொண்டிருந்தார். மிஷின் சத்தத்தில் ஒரு காதை மூடிக்கொண்டு கேட்டேன்.

“தலை வெடிக்குதுடா. ரெண்டு தடவ வாந்தி எடுத்துட்டேன்.”

“நேத்து வெயில்ல வண்டில சுத்தின இல்ல? பித்தம்தான். மோர் குடிச்சிட்டுப் படு.”

“வலது கண்ணும் சிவந்திருக்கு. ரொம்ப வலிக்குது.”

“தூசி போயிருக்கும். கசக்காத. சாயங்காலம் வர்றேன்.”

சாயங்காலம் நான் போகவில்லை. அச்சு முடிய நேரமாகிவிட்டது. மறுநாள் போன் செய்தேன். “இப்ப பரவாயில்லடா, நீ வேலையப் பாரு” என்றாள். அவள் குரல் பரவாயில்லை என்கிறவள் குரலாக இல்லை. எனக்கு அது கேட்டது. கேட்டும், அன்று அந்தப் புது அச்சில் முதல் டப்பாக்கள் வருகிற நாள் என்பதால் கேட்காத மாதிரி இருந்துவிட்டேன். மூன்றாம் நாள் காலை பக்கத்து வீட்டம்மாதான் கூப்பிட்டார்: “நீங்க உடனே வாங்க. அவங்க வலி தாங்காம சுவத்துல தலைய முட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க.”

ஆட்டோவில் அக்கா புடவைத் தலைப்பால் கண்ணைப் பொத்திக்கொண்டு என் தோளில் சாய்ந்திருந்தாள். அவள் யார் தோளிலும் சாய்கிறவள் இல்லை. ஆட்டோக்காரர் கண்ணாடியில் ஒரு தடவை பார்த்தார். “இன்னா சார், அக்காவுக்குக் கண்ணு இப்டி செவந்து கீது! இம்மா நாளா இன்னா பண்ணிகினு இருந்தீங்க?”

“வண்டிய ஓட்டுப்பா” என்று அவர் மேல் எரிந்து விழுந்தேன். வேறு யார் மேல் விழுவது?

டாக்டர் பிரஷர் பார்த்தார். இன்னொரு தடவை பார்த்தார். “எப்ப இருந்துமா வலி?” என்றார்.

“மூணு நாளா.”

“இந்த வலியோட மூணு நாள் வீட்லயா இருந்தீங்க? ஒரு போன் பண்ணியிருக்கலாமே.”

அக்கா என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. “பித்தம்னு நினைச்சுட்டேன்மா” என்றாள். அந்த வார்த்தை என்னுடையது.

அவர் பத்து மாதத்துக்கு முன்னால் சொன்னதேதான் நடந்திருந்தது. லென்ஸ் உப்பி வழியை அடைத்து, கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, பின்னால் இருக்கிற நரம்பை மூன்று நாளாக நசுக்கியிருந்தது. ஊசி போட்டு, மருந்து கொடுத்து அழுத்தத்தை இறக்கி, மறுநாள் புரையை எடுத்து லென்ஸ் வைத்தார்கள். ஆபரேஷன் நல்லபடியாகத்தான் முடிந்தது. அதற்கு மறுநாள் கட்டைப் பிரித்தபோது நானும் பக்கத்தில் நின்றேன். டாக்டர் விரல்களை நீட்டி, “எத்தனைமா?” என்றார்.

அக்கா ரொம்ப நேரம் பார்த்தாள். பரீட்சையில் தெரியாத கேள்வியைப் பார்க்கிற மாதிரி நெற்றியைச் சுருக்கினாள். “கை ஆடுறது தெரியுது டாக்டர். விரல் தெரியல.”

“போகப் போகத் தெரியுமா?” என்று கேட்டது நான்.

டாக்டர் என்னைப் பார்த்துப் பதில் சொல்லவில்லை. அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அவளிடம்தான் சொன்னார்: “லென்ஸ் நல்லா உட்கார்ந்திருக்குமா. ஆனா நரம்பு போனது போனதுதான். இடது கண்ண நாம விடக்கூடாது. அதுலயும் இதே மாதிரி இடம் கம்மி. சீக்கிரம் பண்ணிடணும்.”

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து மருந்துச் சீட்டுக்காகக் காத்திருந்தோம். எங்கள் ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் சின்னச் சின்ன ஸ்டிக்கர்கள் இருக்கும். உள்ளே போன லென்ஸ் எது, என்ன பவர், என்ன எண், எந்த மாதம் செய்தது என்று அதில் இருக்கும். ஒன்றை ஆஸ்பத்திரிக் காகிதத்தில் ஒட்டுவார்கள், ஒன்றை நோயாளியிடம் கொடுக்கிற அட்டையில் ஒட்டுவார்கள். அக்காவின் அட்டை என் கையில் இருந்தது. ஸ்டிக்கரைப் பார்த்ததுமே தெரிந்தது. எங்கள் கம்பெனி. நான் வாய்க்கு வாய் திட்டிய அந்தக் காலத்துக் குப்பி. ஓரத்தில் பேக்கிங் பிரிவின் சின்ன முத்திரை, என் பிரிவு. அதன் கீழே செய்த மாதம்.

அது நானும் அக்காவும் முதல்முறை இந்த டாக்டரிடம் வந்ததற்கு முந்தின மாதம்.

அதாவது, டீக்கடையில் நின்று நான் “நாலு மாசம் பொறு” என்று சொன்ன அன்றைக்கே, அவள் கண்ணுக்குப் போக வேண்டிய லென்ஸ் செய்து முடித்து, சீல் வைத்து, என் பிரிவைத் தாண்டிப் போய், ஏதோ ஒரு அலமாரியில் தயாராக உட்கார்ந்திருந்தது. அந்தப் பத்து மாதமும் அதற்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தப் பழைய குப்பிக்குள் ஒரு சொட்டுக்கூட ஒழுகாமல், கெடாமல், அவளுக்காக அது பத்திரமாக இருந்தது. நான் அந்தப் பெஞ்சிலேயே அழுதேன். அக்கா வலது பக்கம் உட்கார்ந்திருந்த என்னைத் தேடி, தலையை முழுக்கத் திருப்பி, இடது கண்ணால் பார்த்தாள். “ஏன்டா, சீட்டு தொலைஞ்சிடுச்சா?” என்றாள்.

மறுநாள் கம்பெனிக்குப் போய் மேட்டை எடுக்கச் சொன்னேன். இரண்டு வாரத்தில் நீலக் கோடு நின்றுவிட்டது. மூத்த பெண் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். ‘இதத்தான் அப்பவே சொன்னேன்’ என்று அவள் சொல்லவில்லை, நல்ல பெண். மேட்டுக்குப் பதிலாக ஃபாயிலின் ஓரத்தை மட்டும் கொஞ்சம் நீட்டிவிட்டோம். லென்ஸ் அதற்கே அடங்கி உட்கார்ந்தது. அவ்வளவுதான் விஷயம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சிட்லபாக்கம் போவேன். ஸ்கூட்டி வாசலில் தூசி படிந்து நிற்கும். சாவியை அக்கா என்னிடமே கொடுத்துவிட்டாள். நான் ஓட்ட, அவள் பின்னால் உட்கார்ந்து மார்க்கெட்டுக்கு வருவாள். “ஹாரன் அடிடா, மாடு மாதிரி போற” என்று திட்டுவாள். திட்டுவது பழைய சுருதிதான். ஆனால் வண்டியிலிருந்து இறங்கும்போது கால் தரையைத் தேடும். காபி டம்ளரை மேஜைக்கு ஒரு விரல் தள்ளி வைத்துக் கொட்டிவிடுவாள். கொட்டிய காபியைத் துடைத்துக்கொண்டே நீலக் கோடு என்ன ஆச்சு என்று கேட்பாள். நான் துணியை வாங்கி மீதியைத் துடைப்பேன். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, ‘உன்னாலதான்டா’ என்று அவள் சொல்லியிருந்தால் நான் பிழைத்துப் போயிருப்பேன்.

புது டப்பாவுக்கு எல்லா அனுமதியும் வந்தபோது முதலாளி கேக் வெட்டினார். முதல் தொகுதியிலிருந்து ஒரு மாதிரி டப்பாவை என் கையில் கொடுத்தார். லென்ஸ் உள்ள டப்பா. அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஞாயிறு காலை கிளம்பினேன். சானடோரியத்தில் இறங்கி நடக்கும்போது என் மனதில் என்ன ஓடியது என்பதையும் சொல்லிவிட வேண்டும். வலது கண் முழுக்க ஆறட்டும், அதுவரை சொட்டு மருந்து விடலாம் என்றிருந்த டாக்டர், இடது கண்ணுக்கு அடுத்த வாரம் நாள் குறிக்கப்போவதாகச் சொல்லியிருந்தார். இந்தத் தடவை ஒரு நாள்கூடத் தள்ள வேண்டாம், டப்பா வந்துவிட்டது, இதையே வைக்கச் சொல்லிக் கேட்கலாம் என்று நினைத்துக்கொண்டு போனேன். இவ்வளவுக்கும் பிறகு!

அக்கா கூடத்தில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்து வீட்டம்மா இடது கண்ணில் சொட்டு மருந்து விட்டுவிட்டு, என்னைப் பார்த்ததும், “நான் அப்புறம் வர்றேன்” என்று எழுந்து போனார்.

“எப்ப?” என்றேன்.

“வெள்ளிக்கிழமை. இவங்கதான் கூட வந்தாங்க. நல்லாத் தெரியுதுடா. உன் தலைல நரை இவ்வளவு இருக்குன்னு இன்னைக்குத்தான் பார்க்கிறேன்.”

“என்கிட்ட ஏன்கா சொல்லல? நான் தள்ளிப் போடச் சொல்வேன்னு நினைச்சியா?”

“சீ, நீ சொல்ல மாட்ட. எனக்குத் தெரியாதா உன்ன?” என்றாள். “நான்தான் சொல்லிடுவேன்னு பயமா இருந்துச்சு. அன்னைக்கு டீக்கடையில உன் மூஞ்சி இருந்த மாதிரி மறுபடி இருந்தா, ‘இருங்க டாக்டர், தம்பி டப்பா வரட்டும்’னு என் வாயில வந்துடும். அதான் உன்னைக் கூப்பிடல.”

அவள் என்னை நம்பிக் காத்திருக்கவில்லை. டாக்டர் சொன்னது சரி என்று அவளுக்கு அன்றைக்கே தெரியும். எனக்கு ஆசையாக இருக்கிறதே என்று காத்திருந்திருக்கிறாள். அத்தனை மாதமும், அந்த மூன்று நாள் வலியிலும்.

“சட்டைப் பையில என்னடா துருத்திக்கிட்டு?”

“ஒண்ணும் இல்ல.”

“வந்துடுச்சா? குடு பார்க்கலாம்.”

கொடுத்தேன். அவள் கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, டப்பாவை இடது பக்கமாகக் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஃபாயிலின் ஓரத்தைத் தடவித் தேடிப் பிடித்தாள். இழுத்தாள். ஒரே இழுப்பில், சத்தமில்லாமல், ஒரு சொட்டுத் தண்ணீர் தெறிக்காமல் வந்தது. உள்ளே லென்ஸ் அசையாமல் இருந்தது.

“நல்லாத்தான்டா வந்திருக்கு” என்றாள், திறந்த டப்பாவை என் கையில் திருப்பிக் கொடுத்து.